இரண்டாவது பூட்டு

குமாரபாளையம்
6.8.2023

தம்பி மதனுக்கு,

அக்கா ஷாலினி எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உன் வயிற்றுப்புண் இப்போது எப்படி இருக்கிறது? மூன்று வருஷமாகப் பேசாதவள் இதைக் கேட்பது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். சிரித்துக்கொள்.

ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். வேறு வழி? நீ உன் கம்பெனிக்குச் செய்து கொடுத்த 'தாழ் ப்ரோ'வில் பூட்டிய கடிதம் என் கம்ப்யூட்டரில் திறக்காது. என்னுடைய இலவசத் 'தாழ்' பூட்டியது உனக்குத் திறக்காது. பூட்டாத மெயிலில் எழுத நம் இரண்டு பேருக்குமே கை வராது. போன் போட்டால் நான் கத்திவிடுவேன். மிச்சம் இருப்பது தபால்காரர்தான்.

தறிக்கொட்டகை மாடியில் நாம் சேர்ந்து எழுதிய மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நாம்தான் எழுதி வைத்தோம். நீ எடுத்துக்கொண்டு பெங்களூரு போனாய், சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. பெயரையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஒரு 'ப்ரோ' ஒட்டிக்கொண்டாய். சரி, அதையும் விடு. பூட்டும் முறையை மாற்றி, நம்முடையது எதுவும் உங்களுடையதில் திறக்காதபடி செய்தாயே, அதுதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சேலத்தில் இன்பமேரி என்று ஒருவர் இருக்கிறார். உயிருக்குப் பயந்து வீட்டை விட்டு வந்த பெண்களை யாருக்கும் தெரியாத இடங்களில் தங்க வைக்கிறார். அவர் கணவர் ஆரோக்கியசாமி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அந்தப் பெண்களின் விலாசத்தை அவர்கள் தாழில் பூட்டித்தான் அனுப்புவார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: "அனுப்பறவங்க பூட்டுவாங்க, வாங்கறவங்ககிட்ட மட்டும்தானுங்க சாவி. நடுவுல ஒருத்தராலயும் திறக்க முடியாது, என்னாலயும் முடியாதுங்க."

ஆனால் வக்கீல் ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் இப்போது உங்கள் ப்ரோவை வாங்கி வைத்திருக்கின்றன. இன்பமேரி அனுப்புவது அங்கே திறப்பதில்லை. அவசரம் என்று சாதா மெயிலில் போட்டுவிடுகிறார்கள். ஒரு விலாசம் தப்பான கையில் சிக்கினால் ஒரு பெண்ணை வெட்டிப் போட்டுவிடுவார்கள், மதன். இரண்டும் ஒன்றையொன்று திறக்கிற மாதிரி செய்ய வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை. கம்பெனியில் பேசிப் பார்.

அம்மா எழுதச் சொன்னது: "நேரத்துக்குச் சோறு திங்கச் சொல்லு சாமி அவன."

அக்கா,
ஷாலினி

*

பெங்களூரு
21.8.2023

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நானும் சிந்துஜாவும் சுகமாக இருக்கிறோம். வயிறு முன்னைக்குப் பரவாயில்லை, காரத்தைக் குறைத்துவிட்டேன். அம்மாவின் காலை நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். மாமா குமரகுரு சௌக்கியமா? உங்கள் குட்டி கவிநிலா பள்ளிக்கூடம் போகிறாளா?

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். என் பக்கம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கல்லூரி வேலை இருக்கிறது. தாழை நீங்கள் இலவசமாகக் கொடுக்கலாம். எனக்கு அதுதான் சோறு. அப்போது என்னிடம் வேறு எதுவும் இல்லை.

கம்பெனியில் பேசினேன். ஆச்சரியமாக அவர்களுக்கும் விருப்பம்தான். காசு கொடுத்து வாங்கியவர்கள் இலவசத் தாழ் வைத்திருப்பவர்களோடும் பேச முடியும் என்றால் ப்ரோவுக்குத்தானே மதிப்பு கூடும். பொதுவான முறை ஒன்றை நான் எழுதித் தருகிறேன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மாவிடம் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
மதன்

*

குமாரபாளையம்
2.9.2023

மதன்,

'நீங்கள்' எப்போதிருந்து? கம்பெனிக்காரர்களுக்கு எழுதி எழுதி அக்காவுக்கும் அதே கை வந்துவிட்டதா? நான் உன் மூக்கைத் துடைத்துவிட்டவள், ஒழுங்காக 'நீ' போட்டு எழுது.

உடம்பு தேவலை என்று படித்ததும் மனசு ஆறியது. அம்மாவை ஈரோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். தேய்மானம் என்கிறார்கள். மாமா சாயப்பட்டறை, நூல், மழை என்று அலைந்துகொண்டிருக்கிறார்.

நீ 'அதுதான் சோறு' என்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பிறகு அது நிஜம்தானே என்று தோன்றியது. தொலையட்டும், பழசு. வரைவை அனுப்பு. இரண்டே நிபந்தனை. பொதுவான பகுதி எல்லாருக்கும் திறந்தே இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். இன்னொன்று, அனுப்புகிற ஆளையும் வாங்குகிற ஆளையும் தவிர மூன்றாவது ஆளிடம் சாவி இருக்கக் கூடாது. உன் கம்பெனி முதலாளியே வந்து நின்றாலும்தான். இன்பமேரிக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆரோக்கியசாமி அண்ணனை கவிநிலா 'வேன் மாமா' என்றுதான் கூப்பிடுவாள். நேற்று கேட்கிறாள்: "ஏம்மா, வேன் இல்லாத மாமா ஒருத்தரு எனக்கு இருக்காராமே, அவரு எப்ப வருவாரு?" நான் என்னத்தைச் சொல்ல? நீயே சொல்லு.

அம்மா எழுதச் சொன்னது: "அக்காளும் தம்பியும் பேசிக்கிட்டா எனக்குக் காலு வலியே தெரியாதுன்னு எழுது."

அக்கா

*

பெங்களூரு
8.10.2023

அன்பு அக்காவுக்கு,

மூக்கைத் துடைத்த கதையை சிந்துஜாவிடம் படித்துக் காட்டியது தப்பாகிவிட்டது. இரண்டு நாளாகச் சிரிக்கிறாள். இங்கே எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடு. உனக்கும் தலைவலி வருமே, கண்ணாடியை மாற்றினாயா?

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. மேலிடத்தில் நிறையப் பேச வேண்டியிருந்தது. வரைவு முடிந்துவிட்டது, தனியாக அனுப்பியிருக்கிறேன். பொதுவான பகுதி முழுக்கத் திறந்தது. நீ கேட்ட இன்னொன்றும் அப்படியே: அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம், இரண்டுதான். நடுவில் கம்பெனி கிடையாது. எங்களிடம் ஒரு சாவியும் இருக்காது. அதை நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

கவிநிலாவிடம் வேன் இல்லாத மாமா சீக்கிரம் வருவார் என்று சொல். அவளுக்கு இன்னும் காது குத்தவில்லைதானே? அஞ்சு வயசாகிவிட்டதே, எனக்காகவா நிறுத்தி வைத்திருக்கிறாய்?

அம்மாவுக்குச் சொல்: நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

தம்பி,
மதன்

*

குமாரபாளையம்
19.10.2023

மதா,

எல்லாரும் சுகம். கண்ணாடி மாற்றிவிட்டேன், அதனால்தான் உன் வரைவை இவ்வளவு சீக்கிரம் படித்தேன். உங்கள் இரண்டு பேர் உடம்பும் எப்படி இருக்கிறது?

ஒன்று ஒத்துக்கொள்கிறேன், நன்றாக எழுதியிருக்கிறாய். நம் பழைய கை அதில் தெரிகிறது. சோதனைக்கு 'அடே கழுதை' என்று பூட்டி உன் ப்ரோ முகவரிக்கு அனுப்பினேன் அல்லவா, 'சொல்லுங்க கழுதைக்கு அக்கா' என்று நீ பூட்டி அனுப்பிய பதில் என் கம்ப்யூட்டரில் திறந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். மாமா தறிக்கொட்டகையிலிருந்து ஓடி வந்து என்ன ஆச்சு என்று பார்த்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அது ஒன்றையொன்று திறக்கிறது, மதா.

ஒரே ஒரு சந்தேகம். சேலம் வக்கீல் ஆபீஸ் ஒன்றில் ஒருவருக்கு எழுதப் போனால், அவர் ஒருவர் பெயருக்கே உங்கள் பக்கமிருந்து இரண்டு பூட்டு வருகிறது. இரண்டாலும் பூட்டு என்று வரைவு சொல்கிறது. அப்படிப் பூட்டினால் இரண்டில் எந்தச் சாவி வைத்திருந்தாலும் கடிதம் திறந்துவிடும். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு? இதை மட்டும் சொல்லிவிடு, தீபாவளிக்கு வெளியிட்டுவிடலாம்.

காது குத்து உனக்காகத்தான் நிற்கிறது. மாமன் மடி இல்லாமல் யார் காது குத்துவார்கள்? அவள் அப்பாவுக்கு அக்கா தங்கை இருக்கிறார்கள், எனக்கு இருப்பது நீ ஒருத்தன்.

அம்மா எழுதச் சொன்னது: "அவனுக்குப் புடிச்ச முறுக்கு சுட்டு வெக்கறேன், தீவாளிக்கு வாரானான்னு கேளு."

அக்கா

*

பெங்களூரு
27.10.2023

அன்பு அக்கா,

நலம். அம்மாவுக்கும் கவிநிலாவுக்கும் காய்ச்சல் ஏதும் இல்லையே? இந்த மழையில் ஊரெல்லாம் காய்ச்சல் என்கிறார்கள்.

இரண்டு பூட்டு பற்றிக் கேட்டிருந்தாய். வக்கீல்கள் எல்லாம் இரண்டு போன் வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதற்குத்தான். பெரிய விஷயம் இல்லை. வெளியிடலாம்.

தீபாவளிக்கு லீவு கிடைக்காது. முறுக்கைக் கூரியரில் போடச் சொல்.

இன்னொன்று. என் ப்ரோ முகவரிக்கு வேலை விஷயம் மட்டும் எழுது. வீட்டு விஷயத்தை இப்படித் தபாலிலேயே எழுதுக்கா. எனக்கு உன் கையெழுத்தைப் பார்ப்பது பிடித்திருக்கிறது.

மதன்

*

குமாரபாளையம்
26.11.2023

மதா,

காய்ச்சல் வந்தது, போனது, பயப்பட ஒன்றும் இல்லை. முறுக்கு நொறுங்காமல் வந்ததா? உன் வயிற்றுக்கு ஆகுமா என்று அம்மாவுக்கு இப்போதுதான் கவலை வருகிறது.

தீபாவளி அன்று காலையில் புதிய தாழை வெளியிட்டேன். கீழே என் பெயரையும் உன் பெயரையும் போட்டேன். நம் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனேன்.

இன்பமேரி வீட்டுக்கே வந்திருந்தார். "புதுசுங்களே, நம்பலாங்களா?" என்று கேட்டார். "என்ற தம்பி எழுதினதுங்க, கண்ண மூடிக்கிட்டு நம்புங்க" என்றேன். ஆரோக்கியசாமி அண்ணன் வழக்கம்போல ஒரு வார்த்தை பேசவில்லை. காபி குடித்தார், கவிநிலாவை வேனில் வைத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், கிளம்பினார்.

இப்போது அவர்கள் பாதுகாப்பில் மோனிஷா என்று ஒரு பெண் இருக்கிறாள். திருச்செங்கோடு பக்கம். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் திருப்பூரில் வேலைக்குப் போகிறான், இவள் வாயும் வயிறுமாக மேச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறாள். கண்ணில் பட்டால் வெட்டுவேன் என்று அவள் அப்பா சொல்லிக்கொண்டு திரிகிறாராம். சேலத்தில் மெர்லின் என்று ஒரு இளம் வக்கீல் அவளுக்காகக் கோர்ட்டில் பாதுகாப்பு கேட்கப் போகிறாள். அந்த ஆபீசில் உங்கள் ப்ரோதான். இனி பயமில்லாமல் விலாசம் அனுப்பலாம். நான் உனக்கு முதலில் எழுதியது இதற்காகத்தான். நீ ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய், கழுதை.

பூட்டு செய்கிறவனே தபால்காரரை நம்புகிறானே என்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமா கிண்டல் செய்தார். கையெழுத்து பிடிக்கும் என்றாயே, எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்படியே ஆகட்டும், தபாலே போடுகிறேன்.

சித்திரையில் காது குத்து. பவானி தாண்டி நம் குலதெய்வம் கோயிலில்.

அம்மா எழுதச் சொன்னது: "மாமன் சீரு தட்டு நெறைய வரோணும். ஒறம்பரை சனம் முன்னால என்ற மகன் நெஞ்ச நிமுத்திக்கிட்டு உக்காரோணும்."

அக்கா

*

பெங்களூரு
18.1.2024

அன்பு அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்திருக்கும். சிந்துஜா முழுகாமல் இருக்கிறாள், மூன்றாவது மாதம். அம்மாவிடம் சொல்லிவிடு. என் வயிறுதான் மறுபடி தொந்தரவு செய்கிறது, தூக்கம் சரியில்லை. உங்கள் எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா?

சித்திரைக்குக் கட்டாயம் வருகிறேன். தோடு இங்கேயே பார்த்துவிட்டோம். சிவப்புக் கல். மடி என்னுடையது.

அக்கா, நீ எழுதியிருந்த அந்த மேச்சேரிப் பெண். அந்த விலாசத்தை எல்லாம் எழுதித்தான் அனுப்ப வேண்டுமா? வக்கீலை நேரில் பார்த்து வாயால் சொல்லிவிட்டால் ஆகாதா? பெரிதாக ஒன்றும் இல்லை, சும்மா தோன்றியது. எதிலும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே. கோயிலுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று எழுது, சீர் அதற்குத் தகுந்த மாதிரி வாங்கலாம்.

தம்பி,
மதன்

*

குமாரபாளையம்
11.2.2024

மதன்,

சிந்துஜா உடம்பு எப்படி இருக்கிறது? அவளைத்தான் கேட்கிறேன்.

மேச்சேரியில் அந்த வீட்டுக்குப் போன வாரம் இரண்டு கார் வந்தது. மோனிஷாவின் அப்பா, சித்தப்பா, இன்னும் ஆட்கள். கதவை உடைத்திருக்கிறார்கள். அவள் அன்றைக்குப் பரிசோதனைக்கு மேட்டூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், ஆரோக்கியசாமி அண்ணன் வேனில். திரும்பி வரும்போது வாசலில் காரைப் பார்த்தவர் பிரேக்கையே தொடவில்லையாம். "குனிஞ்சுக்க சாமி" என்று ஒரே வார்த்தை. வந்த வேகத்திலேயே அந்த வீட்டைத் தாண்டி நேராகச் சேலம் கொண்டாந்து சேர்த்துவிட்டார். வீட்டுக்காரம்மா பெருமாயி மட்டும் அவர்கள் கையில் மாட்டினார். எங்கே போனாள் சொல்லு என்று அடித்து அந்த அம்மாவின் கையை முறித்துவிட்டார்கள். அவர் வாயே திறக்கவில்லை.

விலாசம் எப்படிப் போனது? இன்பமேரி தாழில் பூட்டி மெர்லினுக்கு அனுப்பினார். மெர்லின் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, மாதா மேல் சத்தியம் என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு அவளே போய்த் தன் சீனியரைக் கேட்டிருக்கிறாள். அவர் மோனிஷாவின் அப்பாவுக்குச் சாதிக்காரர், பழக்கமும் உண்டு. கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னாராம்: "என் ஆபீசுக்கு வர்ற எதையும் நான் திறந்து பாக்கலாம்மா. அதுக்குத்தான் காசு குடுத்து இத வாங்குனது."

அன்றைக்கே உட்கார்ந்து பார்த்தேன். மெர்லினுக்கு வருகிற இரண்டாவது பூட்டையும், அதே ஆபீசில் இன்னொரு ஜூனியருக்கு வருகிற இரண்டாவது பூட்டையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒன்று. குமாஸ்தாவுக்கும் அதே பூட்டு. அந்த ஆபீசில் எல்லாருக்கும் ஒரே இரண்டாவது போனாடா?

அது முதலாளியின் பூட்டு. இன்பமேரிக்குத் தெரியாமல் அவர் கையாலேயே அந்தச் சீனியருக்கும் ஒரு பிரதி பூட்டி அனுப்ப வைத்தாய். கம்பெனியிடம் சாவி இல்லை என்று சத்தியம் செய்தாய். ஆமாம், கம்பெனியிடம் இல்லை! எவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாய். வேறு யார் வந்து இரண்டு போன் என்று சொல்லியிருந்தாலும் பிரித்துப் பார்த்திருப்பேன். நீ சொன்னதால் பார்க்கவில்லை.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். உனக்கு என் கையெழுத்து பிடிக்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் முகவரிக்கும் இரண்டாவது பூட்டு இருக்கிறது. நான் எழுதினால் உன் மேலதிகாரி படிப்பான். அதனால் எனக்கு மட்டும் தபால் போடச் சொன்னாய். அம்மாவின் முழங்காலையும் முறுக்கையும் பத்திரமாகப் பாதுகாத்தாய். மோனிஷாவுக்கு 'சும்மா தோன்றியது'. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, மதன். தெரிந்துகொண்டே தோடு பார்த்திருக்கிறாய்.

இன்பமேரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை என் கையில் கொடுத்து, "இத எடுத்துடுங்க. இனிமே நானே பஸ்ஸு புடிச்சுப் போயி நேர்ல சொல்லிக்கறேங்க" என்றார். நான் அவர் முன்னாலேயே தாழை அழித்துக் கொடுத்தேன்.

ஒன்று செய். தாழின் இணையப் பக்கத்தில், நம் இரண்டு பேர் பெயருக்கும் கீழே, உன் பெயரில் உன் கையால் எழுது: ப்ரோ வைத்திருக்கும் ஆபீசுக்கு அனுப்பினால் அதன் முதலாளியும் படிக்க முடியும் என்று. இன்னும் எத்தனை மோனிஷா அனுப்பிக்கொண்டிருக்கிறார்களோ. நானும் என் பெயரில் எழுதுகிறேன். ஆனால் ப்ரோக்காரர்கள் நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், பொறாமையில் சொல்கிறாள் என்பார்கள். செய்தவன் நீ, நீ சொன்னால்தான் நம்புவார்கள். எழுதிவிட்டு வா. அதற்கு முன்னால் சீர் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வராதே.

அம்மா எழுதச் சொன்னது: "அவன் தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டான், கேட்டுப் பாரு." கேட்டுவிட்டேன்.

ஷாலினி

*

பெங்களூரு
30.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சிந்துஜா நலமாக இருக்கிறாள். அம்மாவும் மாமாவும் கவிநிலாவும் நலம் என்று நம்புகிறேன். உடனே பதில் எழுத முடியவில்லை, பல தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அந்த அம்மாவின் கை குணமாகிவிட்டதா? நடந்ததற்கு நான் வருந்துகிறேன். ஆனால் தவறான எண்ணத்தில் யாரும் அதைச் செய்யவில்லை என்பதைத் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். எந்த ஆபீஸ் வாங்க வந்தாலும் முதல் கேள்வியே அதுதான். ஆள் திடீரென்று வேலையை விட்டுப் போனால் அவருக்கு வந்த கடிதங்களை யார் திறப்பது? அந்த இரண்டாவது பூட்டு இல்லாமல் ஒருவரும் ப்ரோவை வாங்க மாட்டார்கள். வாங்காவிட்டால் உங்கள் தாழோடு சேர்க்கவும் கம்பெனி சம்மதித்திருக்காது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் சேர்ந்திருக்கவே மாட்டீர்கள். நாம் மறுபடி பேசியிருக்கவும் மாட்டோம்.

நீங்கள் கேட்டபடி என் பெயரில் எழுத முடியாது. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். குழந்தை பிறக்கப் போகும் நேரம். அடுத்த வெளியீட்டில் சிறியதாக ஒரு அறிவிப்பு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னால் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு உங்களுக்குச் சொன்னேன், அக்கா. நேரில் போய்ச் சொல்லச் சொன்னேனே.

தோட்டைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சித்திரையில் லீவு போட்டுவிட்டேன். என்னைத் திட்டுங்கள், அடியுங்கள், எல்லாருக்கும் முன்னால் வேண்டுமானாலும் கேளுங்கள். மடியை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் தம்பி,
மதன்

*

குமாரபாளையம்
14.4.2024

மதன்,

'நீங்கள்' திரும்ப வந்துவிட்டது. இந்த முறை நான் திருத்தப் போவதில்லை.

சிந்துஜாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெருமாயி அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, விரல்கள் இன்னும் மடங்கவில்லை. மோனிஷாவுக்கு இது எட்டாவது மாதம். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, நானே கேட்டுக்கொள்ளவில்லை.

புதிய தாழிலிருந்து இரண்டாவது பூட்டை எடுத்துவிட்டேன். ப்ரோவும் தாழும் மறுபடி ஒன்றையொன்று திறப்பதில்லை. காரணத்தை என் பெயரில் எழுதிப் போட்டேன், உன் பெயரை எடுத்துவிட்டேன். நீ சொன்ன மாதிரி பொறாமைக்காரி என்று சிலர் எழுதினார்கள். நீ அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், மன்னித்துக்கொள். இப்போதெல்லாம் நீ எது சொன்னாய், நான் எதை நினைத்துக்கொண்டேன் என்று எனக்கே குழம்புகிறது.

நீ சொல்லியிருந்தால் நான் சேர்ந்திருக்க மாட்டேன் என்பது வாஸ்தவம். பேசியிருக்க மாட்டோம் என்று நீ எழுதியது பொய். கடிதம் ஒன்றையொன்று திறக்காதபோதுதானே நான் உனக்கு முதலில் எழுதினேன்? நீ பயந்திருக்கிறாய், அவ்வளவுதான். உன் பயத்துக்கு பெருமாயி அம்மா கையைக் கொடுத்தார்.

காது குத்து சித்திரையில் இல்லை. முன்னால் கொண்டுவந்து, பங்குனி உத்திரத்தன்றே முடித்துவிட்டோம். நீ மடியைக் கேட்டு எழுதிய அன்று அவள் காதுப் புண்ணுக்கு நான் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ வந்து நின்றிருப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் நான் இளகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

இன்பமேரியையும் ஆரோக்கியசாமி அண்ணனையும் கூப்பிட்டிருந்தேன். வருவார்களோ என்று நினைத்தேன், வந்தார்கள். நம் கோயிலுக்குள் வரலாமா என்று அண்ணன் தயங்கி, வேனுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். மணை போட்டு, தேங்காய் உடைத்து, எல்லாம் தயார். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "மாமன் யாருங்க? வந்து உக்காருங்க, நேரமாவுது" என்றார். சித்தப்பா வீட்டு ராசப்பனை உட்கார வைப்பது என்று நானும் மாமாவும் பேசி வைத்திருந்தோம். ராசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தும் விட்டான். சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மா எழுந்தாள். உன்னைப் பற்றி ஒரு சொல் கேட்டாலும் என்னோடு சண்டைக்கு வருகிற அம்மா. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு படி இறங்கி, வெயிலில் வேன் வரைக்கும் நடந்து போனாள். ஆரோக்கியசாமி அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டி வந்து மணையில் உட்கார வைத்தாள்.

"மாமன் இவருதானுங்க" என்றாள் ஆசாரியிடம்.

கவிநிலா தானாகவே போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். ஒரு காது குத்தும்போது அழுதாள். இன்னொன்றுக்கு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். அவள் காதில் இருப்பது இன்பமேரி வாங்கி வந்த சின்னத் தோடு. உன் சிவப்புக் கல் தோட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். பிறக்கப் போகிற குழந்தைக்கு ஆகும்.

வயிற்றைப் பார்த்துக்கொள். காரம் சேர்க்காதே.

கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் வழக்கம்போல அம்மாவிடம் போய், மதனுக்கு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஷாலினி